பில்டு சர்வருக்கு எந்த டோக்கன்?

தானியங்கி டிப்ளாய்மென்ட், அதாவது நிரலைத் தானாகவே சர்வரில் ஏற்றி வெளியிடும் ஏற்பாடு, அமைக்கும்போது பலரும் முதலில் கைவைப்பது சொந்தக் கணக்கில்தான். அதில் ஒரு டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதில் நிரல்கள் காட்டும் ரகசியச் சாவி) எடுத்து, நிரலைத் தொகுத்து வெளியிடும் பில்டு சர்வரின் ரகசியப் பெட்டகத்தில் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்தக் கணக்குக்காரர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு முடக்கப்பட்டதும் டிப்ளாய்மென்ட் நின்றுவிடும். அதுவரை அவருடைய அதிகாரமெல்லாம் சர்வரின் கையில் இருக்கும். ஜென்கின்ஸ் என்ற பில்டு சர்வர் மென்பொருளில் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே ஏபிஐ டோக்கனுக்கென்று (நிரல்கள் ஜென்கின்ஸை அணுகப் பயன்படுத்தும் டோக்கன்) தனி உரிமை வரம்பு கிடையாது. பயனருக்கு எவ்வளவோ, டோக்கனுக்கும் அவ்வளவு.

அதைவிட மேல், தானியங்கி வேலைக்கென்றே தனிக் கணக்கு தொடங்கி, தேவையான உரிமையை மட்டும் கொடுப்பது. 2018இல் வந்த 2.129 பதிப்பு முதல் ஜென்கின்ஸில் ஒரே பயனருக்குப் பல டோக்கன்கள் வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுத் தனித்தனியே ரத்து செய்யலாம். ஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். உருவாக்கும் கணத்தில் மட்டுமே டோக்கன் திரையில் தெரியும். பிறகு ஹாஷ், அதாவது மூலத்தை மீட்க முடியாத அதன் சுருக்கக் குறி, மட்டுமே மிஞ்சும். கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கன் அனுப்பினால் கிரம்ப் (போலிக் கோரிக்கைகளைத் தடுக்க ஜென்கின்ஸ் கேட்கும் கூடுதல் குறி) கேட்கும் தொல்லையும் இல்லை. நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் இதே வேலைக்கு, எந்த ஆளின் கணக்கையும் சாராத கிட்ஹப் ஆப் நல்லது. அதன் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும்.

ஆனாலும் எங்கோ ஒரு ரகசியம் சேமிக்கப்பட்டுத்தான் கிடக்கிறது. 2023 ஜனவரியில் இணையவழி பில்டு சேவையான சர்க்கிள்சிஐ ஊடுருவப்பட்டது தெரியவந்தபோது, அங்கே வைத்திருந்த எல்லா ரகசியங்களையும் மாற்றும்படி வாடிக்கையாளர்களை அந்த நிறுவனமே கேட்டுக்கொண்டது.

அதனால்தான் கிளவுடுக்கு டிப்ளாய் செய்பவர்களுக்கு ஓஐடிசியை (அடையாளத்தைக் குறுகிய கால டோக்கனால் நிரூபிக்கும் பொது நெறிமுறை) தயங்காமல் சொல்கிறேன். பில்டு சர்வரில் ஓடும் ஒவ்வொரு ஜாபும் கையொப்பமிட்ட ஒரு டோக்கனைப் பெற்றுக் கிளவுடிடம் காட்டுகிறது. யார் வழங்கியது, யாருக்காக, எந்தக் களஞ்சியத்தின் எந்தக் கிளை என்று கிளவுட் சரிபார்த்துத் தற்காலிக அனுமதி தருகிறது. பெட்டகத்தில் வைக்க எதுவுமே இல்லை.

இதில் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில் நம்பிக்கை விதி (எந்த ஜாபை உள்ளே விடலாம் என்று சொல்லும் விதி) எழுதும்போது, களஞ்சியத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால், நிறுவனத்தின் எந்தச் சோதனைக் களஞ்சியமும் உற்பத்திச் சூழலுக்குள் நுழையலாம். களஞ்சியத்தையும் மெயின் கிளையையும் முழுப் பெயரோடு எழுதுங்கள். சொந்த சர்வருக்கு டிப்ளாய் செய்பவர்கள் இடையில் வால்ட் போன்ற ரகசிய மேலாண்மை மென்பொருள் ஒன்றை நிறுவ வேண்டியிருக்கும். சிறிய குழுவுக்கு அது பெரிய சுமை. அவர்களுக்குத் தனிக் கணக்கு டோக்கனும் அதைத் தவறாமல் மாற்றுவதற்கு ஒரு கெடுவும் போதும்.

எதைத் தேர்ந்தாலும் டோக்கனைக் கர்ல் (இணையக் கோரிக்கை அனுப்பும் கருவி) கட்டளையின் வரியில் நேரடியாக எழுதாதீர்கள். அதே கணினியில் இயங்கும் மற்றவர்கள் பிராசஸ் பட்டியலில் அதைப் பார்த்துவிடலாம். லாகில் (பில்டு ஓடும்போது பதிவாகும் குறிப்புகளில்) நட்சத்திரங்களாக மறைக்கும் வசதியையும் நம்பியிருக்க வேண்டாம். டோக்கன் அச்சு அசலாக வந்தால் மறைக்கும். பேஸ்64 என்ற வேறு எழுத்து வடிவத்துக்கு மாறி வந்தால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும்.