பிஎம்டபிள்யூ எம்340ஐ: கியர்பாக்ஸை முன்னிறுத்தித் தேர்ந்தெடுத்த ஒரு வேகச் செடான்

387 குதிரைத் திறனும் 500 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் கொண்ட ஒரு செடானை வாங்க நினைப்பவரிடம் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, 100 கிலோமீட்டர் வேகத்தை அது எத்தனை விநாடியில் தொடும் என்பதே. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் எம்340ஐ எக்ஸ்டிரைவுக்கு அதன் விடை 4.4 விநாடி. சென்னையில் ஓட்டுபவருக்கு அந்த எண் வாரத்திற்கு ஒரு முறைகூடப் பயன்படாது. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை மாலை நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கியர்பாக்ஸ் எப்படி நடந்துகொள்கிறது என்பதோ நாள் தவறாமல் தெரியவரும். 2021இல் இந்தக் காரை வாங்கியபோது நான் எடைபோட்டதும் பெரும்பாலும் அதைத்தான். ஆகவே இந்தப் பகிர்விலும் எஞ்சினைவிடக் கியர்பாக்ஸே அதிக இடம் பிடிக்கும்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 மார்ச்சில் அறிமுகமானபோது ஷோரூம் விலை 62.90 லட்சம் ரூபாய். செங்கல்பட்டை ஒட்டிய மகேந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில், உதிரிகளாகக் கொண்டுவரப்பட்டு இணைக்கப்படும் கார் என்பதால் இந்த விலை சாத்தியமாயிற்று. அதே மாதத்தில் முழு வண்டியாக இறக்குமதியாகி வந்த ஆடி எஸ்5 ஸ்போர்ட்பேக், 354 குதிரைத் திறனுக்கே 79 லட்சத்தைத் தாண்டியது. நான் விரும்பிய மற்றொரு வண்டியான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245, 2020இல் ஏறத்தாழ 36 லட்சத்திற்கு 200 கார்கள் மட்டுமே இந்தியாவுக்கு வந்து தீர்ந்துவிட்டதால், பழைய கார் சந்தையில் தேடினால்தான் கிடைக்கும் என்ற நிலை. தமிழ்நாட்டில் அப்போது 15 விழுக்காடாக இருந்த ஆயுட்கால வரி, 2023 நவம்பர் முதல் 20 லட்சத்திற்கு மேற்பட்ட கார்களுக்கு 20 விழுக்காடு ஆகிவிட்டது. இன்று இதே வகைக் காரைக் கணக்குப் போடுபவர் ஷோரூம் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஆக்டேவியாவை நான் விட்டதற்கு அதன் ஏழு வேக டூயல் கிளட்ச் கியர்பாக்ஸும் ஒரு காரணம். குறைசொல்லத்தக்க பெட்டி அன்று அது. ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச்சும் இரட்டைப்படை கியர்களை மற்றொரு கிளட்ச்சும் பார்த்துக்கொள்வதால், அடுத்த கியர் முன்கூட்டியே பூட்டப்பட்டுக் காத்திருக்கும், மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். ஆனால் நடை வேகத்தில் நகரும்போது அந்தக் கிளட்ச் தேய்ந்து வழுக்கிக்கொண்டேதான் வண்டியை நகர்த்த வேண்டும். எண்ணெயில் மூழ்கிய வகையானால் வெப்பத்தைத் தாங்கும், உலர் வகையானால் சென்னை வெயிலில் அதற்குச் சோதனைதான். எம்340ஐயில் இருப்பதோ டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கிப் பெட்டி. அதில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே எண்ணெயே விசையைக் கடத்துகிறது. புறப்படும் நொடியில் முறுக்கு விசையைப் பெருக்கியும் கொடுக்கிறது. வேகம் சற்றுக் கூடியதும் உள்ளிருக்கும் பூட்டுக் கிளட்ச் மூடிக்கொள்ள, நேரடி இணைப்பு உண்டாகிறது. எண்ணெயில் வீணாகும் ஆற்றல் என்ற பழைய குறை பெருமளவு நீங்கியது இப்படித்தான்.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் சோம்பேறிப் பெட்டி, உண்மையான வேகக் காருக்கு டூயல் கிளட்ச்தான் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிஎம்டபிள்யூவின் வேகச் செடானான எம்5 காரின் வரலாற்றைப் பார்க்கலாம். 2005 வாக்கில் வந்த, பத்து சிலிண்டர் வி10 எஞ்சின் கொண்ட எம்5இல் ஒற்றைக் கிளட்ச்சைக் கணினி இயக்கும் ஏழு வேகப் பெட்டி இருந்தது. மெதுவாக ஓட்டினால் ஒவ்வொரு மாற்றத்திற்கும் தலை முன்னும் பின்னும் ஆடும் என்பது அதன் பெயர்போன குணம். 2011இல் அதன் இடத்தை டூயல் கிளட்ச் பிடித்தது. 2017இல் வந்த எம்5 எட்டு வேக டார்க் கன்வெர்ட்டருக்கு மாறியது. 2020இல் அறிவிக்கப்பட்ட எம்3 காரும் அதே வழியில் சென்றது. பந்தயத் தடத்தைக் கருதிக் கார் செய்பவர்களே திரும்பிவந்த இடத்தில், தினமும் அலுவலகம் செல்லும் எனக்குத் தயக்கம் எதற்கு என்று தோன்றியது.

என் காரில் இருப்பது ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி குடும்பப் பெட்டி. நான்கு கோள் பற்சக்கரத் தொகுதிகளும், அவற்றைப் பிடித்தும் விட்டும் கியரை மாற்றும் ஐந்து பிடிப்பு உறுப்புகளும் கொண்ட இதில், எந்தக் கியரிலும் இரண்டு உறுப்புகள் மட்டுமே திறந்திருக்கும். ஒன்றை விடுவித்து ஒன்றைப் பிடித்தாலே பல கியர்களைத் தாண்டிவிடலாம். எட்டாவது கியரிலிருந்து நேரடியாக இரண்டாவதற்கு இறங்க முடிவது அதனால்தான். முதல் கியரின் விகிதம் 5.25, எட்டாவதன் விகிதம் 0.64, இவ்வளவு அகன்ற இடைவெளி இருப்பதால் ஒரே பெட்டி ஊர்வதற்கும் பறப்பதற்கும் ஈடுகொடுக்கிறது.

நகரத்தில் கம்ஃபர்ட் முறையில் விட்டுவிட்டால் கியர் மாறுவது காதுக்கும் உடலுக்கும் தெரிவதில்லை. மெட்ரோ பணிகளால் குறுகிய சாலைகளில் பிரேக்கை மெல்ல விட்டாலே கார் தானாக நகரும். இரு சக்கர வாகனம் ஒன்று குறுக்கே நுழைந்தால் நிறுத்தி, மீண்டும் நகரும்போதும் உலுக்கல் இல்லை. எரிபொருள் சேமிப்புக்காக நிறுத்தங்களில் எஞ்சினை அணைத்துப் போடும் வசதியை மட்டும், வண்டி எடுத்தவுடன் நிறுத்திவிடுவது என் வழக்கம். ஆறு சிலிண்டர் எஞ்சின் இவ்வளவு மிருதுவாக இருக்க, அதை நிமிடத்திற்கொரு முறை அணைத்து எழுப்புவது எனக்கு உவப்பாக இல்லை.

இந்தப் பெட்டியின் அருமை முழுமையாக விளங்கியது கொல்லிமலையில்தான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எதிரே பேருந்து வரக்கூடும். ஸ்போர்ட் முறைக்கு மாற்றினால், வளைவுக்கு முன் பிரேக் அழுத்தும்போதே பெட்டி இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். வளைவிலிருந்து வெளியேறும்போது அவசரப்பட்டு மேல் கியருக்குத் தாவுவதில்லை. எஞ்சின் நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளை எட்டும் முன்பே முழு முறுக்கு விசையும் கிடைத்துவிடுவதால் முதல் கியர் தேவைப்படுவதே அரிது. இறக்கத்தில் கியர் நெம்பைக் கைமுறைக்கு நகர்த்தி இரண்டாவதில் வைத்துக்கொண்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக் சூடேறுவதில்லை. முன்னே தள்ளினால் கியர் இறங்கும், பின்னே இழுத்தால் ஏறும். பிரேக்கில் உடல் முன்னே சாயும்போது கையும் முன்னே செல்வதால் இந்த அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது.

நெடுஞ்சாலையில் சொல்ல அதிகமில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் எட்டாவது கியரில் எஞ்சின் சுமார் 1,500 சுற்றுகளில் முனகிக்கொண்டிருக்கும். ராணிப்பேட்டைப் பக்கம் வரிசையாகச் செல்லும் லாரிகளைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்தினாலே போதும். முழுதாக அழுத்தினால் பெட்டி மூன்று நான்கு கியர்கள் இறங்கி, அந்தச் சாலைக்குத் தேவையற்ற வேகத்தைக் கொடுத்துவிடும்.

பெட்ரோல் நகரத்தில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் பன்னிரண்டை ஒட்டி. 95 ஆக்டேன் பெட்ரோலையே நிரப்புகிறேன். முன் டயரும் பின் டயரும் வெவ்வேறு அகலம் கொண்டவை என்பதால் இடம் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்ட வழியில்லை. பின் டயர்கள் முதலில் தேயும், அந்தச் செலவை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். தெருமுனையில் யாரோ தாமே கட்டிய வேகத்தடைகளை அணுகும்போது சாய்வாக ஏறுவது பழகிவிட்டது.

இப்படி ஒரு காரைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் டெஸ்ட் டிரைவைக் காலி சாலையில் வாங்கக் கூடாது. விற்பனையாளர் காலை ஏழு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அழைத்துப் போக விரும்புவார்; நீங்கள் மாலை ஆறு மணிக்கு நெரிசலான சந்திப்பைக் கேளுங்கள். கியர்பாக்ஸ் சூடான பிறகு மேடான சரிவு ஒன்றில் நின்று புறப்படுங்கள். நடை வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் தொடும்போது உலுக்குகிறதா, தயங்குகிறதா என்று கவனியுங்கள். விநாடிக் கணக்கை விளம்பரத்திலேயே படித்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். இத்தகைய கியர்பாக்ஸ் எண்ணெய் வாழ்நாளுக்கும் போதும் என்று கார் விற்குமிடங்களில் சொல்வதுண்டு. பெட்டியைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது. வடிகட்டி, அடித்தட்டுடன் சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால் அந்தத் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும். எண்ணெயின் அளவையும் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் சரிபார்க்க முடியும் என்பதால் கருவி இல்லாத பட்டறையில் இதைச் செய்யக் கூடாது. என் வண்டி பெரும்பாலும் நெரிசலிலும் வெயிலிலுமே உழைக்கிறது. ஆகவே 80,000 கிலோமீட்டரைத் தொட்டவுடன் தட்டு, வடிகட்டி, எண்ணெய் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட முடிவு செய்து, அதற்கான தொகையை ஆண்டுதோறும் சர்வீஸ் செலவுடன் சேர்த்து ஒதுக்கி வருகிறேன்.