டேஷ்போர்டில் ‘டெலிவர்டு’, போனில் ஒன்றும் இல்லை: மலிவு எஸ்எம்எஸ் ஏபிஐ வாங்கும் முன் படியுங்கள்

ஆப்பில் லாகின் ஓடிபி அனுப்புவதற்காக ஒரு ரீசெல்லரிடம் (வாங்கி விற்கும் இடைத்தரகர்) எஸ்எம்எஸ் ஏபிஐ, அதாவது நம் சர்வரிலிருந்து தானாக மெசேஜ் அனுப்ப உதவும் இணைப்பு, வாங்கியிருந்தோம். முன்பணம் கட்டி கிரெடிட் வாங்கும் முறை. சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்துக் கொடுத்தார்கள். டேஷ்போர்டைத் திறந்தால் கிட்டத்தட்ட எல்லாமே ‘டெலிவர்டு’. ஆனால் ‘ஓடிபி வரவில்லை’ என்ற புகார் மட்டும் நிற்கவே இல்லை. கடைசியில் எங்கள் சர்வரின் லாக்கையும் (நடந்ததைப் பதியும் குறிப்பு) அவர்கள் தந்த ரிப்போர்ட்டையும் வரி வரியாக ஒப்பிட்டபோது குட்டு வெளிப்பட்டது: கணிசமான மெசேஜ்கள் ஆபரேட்டர் வரை போகவே இல்லை. போனதாக ரிப்போர்ட் மட்டும் வந்திருக்கிறது.

இது எப்படிச் சாத்தியம் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். உங்கள் சர்வரிலிருந்து கிளம்பும் மெசேஜ் ரீசெல்லர், அவருக்கு மேலே இருந்து பலரின் மெசேஜ்களைத் திரட்டி அனுப்பும் அக்ரிகேட்டர், ஆபரேட்டரின் எஸ்எம்எஸ் சென்டர் என்று கைமாறித்தான் போனுக்குப் போகிறது. டெலிவரி ரிப்போர்ட்டும் அதே வழியில்தான் திரும்பி வரும். நடுவில் இருக்கும் எவரும் அதை மாற்றி எழுதலாம். பத்து மெசேஜில் எட்டை அனுப்பிவிட்டு, மீதி இரண்டுக்குத் தாங்களே ‘டெலிவர்டு’ போட்டுத் திருப்பினால் அந்த இரண்டின் காசு முழு லாபம். ஓடிபியில் இந்தத் திருட்டு எளிதில் தெரியவும் தெரியாது. வரவில்லை என்றால் பயனர் ‘ரீசெண்ட்’ அழுத்துவார், இரண்டாவது வந்துவிடும், இரண்டுக்கும் கிரெடிட் கழியும். வாங்கும் விலைக்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால் நஷ்டத்தை எங்கே ஈடுகட்டுகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் இங்கேதான்.

பொய் ரிப்போர்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். உங்கள் போன் ஒன்றை அணைத்து வைத்துவிட்டு அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்புங்கள். நேர்மையான ரூட் (மெசேஜ் போகும் வழி) என்றால் ரிப்போர்ட் உடனே வராது. போனை மறுபடி ஆன் செய்த நேரத்தில் ‘டெலிவர்டு’ வரும், அல்லது மெசேஜின் ஆயுள் முடிந்து ‘எக்ஸ்பயர்டு’ என்று வரும். எங்களுக்கு அணைத்து வைத்த போனுக்கே சில விநாடிகளில் ‘டெலிவர்டு’ வந்தது. ஒரு முறை சரியாக வந்துவிட்டால் நம்பிவிடாதீர்கள். எல்லா மெசேஜிலும் கை வைக்க மாட்டார்கள், அதனால் வெவ்வேறு நேரங்களில், வேலை அதிகமுள்ள மாலையிலும் சேர்த்து, பல முறை செய்து பாருங்கள்.

இன்னொரு அடையாளம், ரிப்போர்ட் அளவுக்கு மீறிச் சுத்தமாக இருப்பது. நிஜ உலகில் சிக்னல் இல்லாத போன், அணைந்த போன், புழக்கத்தில் இல்லாத எண் எல்லாம் உண்டு. ஆகவே தோல்விக் குறியீடுகள் வந்தே ஆக வேண்டும். அவை இல்லாமல், டெலிவரி நேரமும் எப்போதும் ஒரே விநாடிக் கணக்கில் இருந்தால் அது ஆபரேட்டரிடமிருந்து வந்ததல்ல, ஒரு ஸ்கிரிப்ட் எழுதியது.

வென்டரின் (ஏபிஐ விற்பவரின்) டேஷ்போர்டு வென்டரின் கையில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஒன்றுதான்: பயனர் அந்த ஓடிபியை உண்மையில் டைப் செய்தாரா என்பது. ஒவ்வொரு ஓடிபிக்கும் கேட்ட நேரம், வென்டர் தந்த மெசேஜ் ஐடி, ரிப்போர்ட் நிலை, ரிப்போர்ட் வந்த நேரம், சரிபார்த்த நேரம், எத்தனையாவது ரீசெண்ட் ஆகிய அனைத்தையும் உங்கள் டேட்டாபேஸிலேயே சேமியுங்கள். பிறகு டிராஃபிக்கை இரண்டு வென்டர்களுக்கு மாறி மாறி அனுப்புங்கள். ஒருவர் பக்கம் ‘டெலிவர்டு’ அதிகமாகவும் சரிபார்ப்பு குறைவாகவும் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. எண்ணின் முதல் நான்கு இலக்கத்தை வைத்து ஆபரேட்டரைப் பிரித்துப் பார்க்காதீர்கள். எண் மாறாமல் ஆபரேட்டர் மாறியவர்கள் ஏராளம் என்பதால் அந்தக் கணக்கு தப்பாகவே வரும்.

அடுத்தது தமிழ் மெசேஜ் விஷயம். தமிழில் ஆப் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலம் ஏழு பிட் குறியீட்டில் போவதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழ் யூனிகோடு குறியீட்டில் போவதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், எனவே 70தான். அதைத் தாண்டினால் மெசேஜ் உடையும். உடைந்த துண்டுகளை ஒட்டும் தகவலுக்கு 6 பைட் போய்விடுவதால் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 மட்டுமே. அந்த 67ம் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் அல்ல. ‘வேண்டாம்’ என்பது நமக்கு நான்கு எழுத்து. கணினிக்குக் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி, ஆக எட்டு.

‘உங்கள் ஓடிபி 482913. யாரிடமும் பகிர வேண்டாம்.’ இது 45, ஒரே மெசேஜில் போகும். இதோடு ‘10 நிமிடங்களுக்கு மட்டும் செல்லும்.’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் இடைவெளியோடு 81. இரண்டு பகுதி, இரண்டு கிரெடிட். எங்களுக்கு இதே அளவு மெசேஜுக்கு மூன்று கழிந்திருந்தது. கேட்டால், ‘யூனிகோடுன்னாலே மூணு கிரெடிட் சார், சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும்’ என்றார்கள். அப்படி எந்த விதியும் கிடையாது. பகுதிக் கணக்கை உங்கள் கோடிலேயே போட்டு, மாதாமாதம் வென்டரின் பயன்பாட்டு ஃபைலோடு ஒப்பிடுங்கள். ஆங்கில மெசேஜிலும் ஒரு கண்ணி உண்டு. ₹ குறியோ, வேர்டிலிருந்து காப்பி செய்த வளைந்த மேற்கோள் குறியோ ஒன்றே ஒன்று இருந்தாலும் முழு மெசேஜும் யூனிகோடாகி 160 என்பது 70 ஆகிவிடும். ‘Rs.’ என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், நேர் மேற்கோள் குறி போடுங்கள்.

‘டைரக்ட் ஆபரேட்டர் ரூட்’ என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். இதைச் சரிபார்க்க இப்போது வழி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 ஒழுங்குமுறைப்படி மெசேஜ் அனுப்பும் நிறுவனம், அதன் ஹெடர் (அனுப்புநர் பெயர்), டெம்ப்ளேட் (மெசேஜின் வாசகம்) எல்லாம் ஆபரேட்டர்களின் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவாக வேண்டும். 2024 டிசம்பர் 11 முதல், நிறுவனத்திலிருந்து ஆபரேட்டர் வரை நடுவில் யார் யார் இருக்கிறார்கள் என்ற சங்கிலியும் பதிவாகியிருக்க வேண்டும், பொருந்தாத மெசேஜ் நிராகரிக்கப்படும். டிஎல்டி போர்ட்டலில் உங்கள் கணக்கில் நுழைந்து அந்தச் சங்கிலியைப் பாருங்கள். ‘டைரக்ட்’ என்று விற்றவருக்கு மேலே இன்னும் இரண்டு டெலிமார்க்கெட்டர்கள் (இடைநிலை நிறுவனங்கள்) இருந்ததை நாங்கள் அங்கேதான் கண்டோம்.

சில பயனர்களுக்கு ஓடிபி வந்திருந்தது, ஆனால் எங்கள் ஹெடரில் இல்லை, சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து. அதாவது சிம் கார்டுகளை அடுக்கி வைத்து அனுப்பும் கள்ள ரூட். உங்கள் பயனரின் ஓடிபியை முன்பின் தெரியாத ஒருவரின் கருவி வழியாக அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். காசு போவதைவிட இது மோசம். புகார் செய்பவரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்டு, அனுப்புநர் பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

டிஎல்டி பதிவையே ‘நாங்க செஞ்சு தர்றோம்’ என்பார்கள். விடாதீர்கள். அவர்களுடைய மெயில் ஐடியும் மொபைல் எண்ணும் போட்டுப் பதிந்தால் பாஸ்வேர்டு அவர்களிடம், ஹெடரும் டெம்ப்ளேட்டும் அவர்கள் பிடியில். பான், ஜிஎஸ்டி சான்று, அங்கீகாரக் கடிதம் இருந்தால் நீங்களே பதியலாம். ஒரு ஆபரேட்டரின் போர்ட்டலில் பதிந்தால் போதும், மற்ற ஆபரேட்டர்களுக்கும் செல்லும். டெம்ப்ளேட்டில் ஒரு முற்றுப்புள்ளி, ஒரு இடைவெளி மாறினாலும் மெசேஜ் தள்ளப்படும். லிங்க் இருந்தால் அதுவும் முன்பதிவாகியிருக்க வேண்டும், 2024 அக்டோபர் 1 முதல் இது கட்டாயம். இப்படித் தள்ளப்பட்ட மெசேஜுக்கும் கிரெடிட் கழிப்பார்களா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஏபிஐ எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே வென்டரைப் பற்றி நிறையச் சொல்லும். யூஸர்நேம், பாஸ்வேர்டு, மெசேஜ் மூன்றையும் யூஆர்எல்லிலேயே வைத்து அனுப்பச் சொன்னால், ஓடிபி வழியில் உள்ள எல்லா லாக்கிலும் பதிந்துவிடும். பேலன்ஸ் இல்லை, டெம்ப்ளேட் தவறு என்ற நிலையிலும் ‘சரி’ என்று பொருள்படும் ஸ்டேட்டஸ் கோடு 200 கொடுத்துவிட்டு, பிழையை உள்ளே உரையாக எழுதும் ஏபிஐக்கள் உண்டு. ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் புரோகிராம், எல்லாம் நன்றாகப் போகிறது என்றே நினைத்துக்கொள்ளும். உள்ளே வரும் உரையைப் படித்து, மெசேஜ் ஐடி இருந்தால் மட்டுமே ஏற்கப்பட்டதாகக் கொள்ளுங்கள். ஏபிஐ கீ (வென்டர் தரும் ரகசியச் சாவி) எக்காரணம் கொண்டும் ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் இருக்கக் கூடாது, சர்வரில்தான் இருக்க வேண்டும்.

ஒருவரைத் தொல்லை செய்ய நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து ஓடிபி பொழிய வைக்கும் கருவிகள் உலவுகின்றன. உங்கள் ஓடிபி எண்ட்பாயிண்ட் (சர்வரில் ஓடிபி கேட்கும் முகவரி) கட்டுப்பாடின்றித் திறந்து கிடந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேரும், கிரெடிட் ஒரே இரவில் தீரும். வென்டர் தடுக்க மாட்டார், அது அவருக்கு வியாபாரம். ஒரே எண்ணுக்கு 30 விநாடி இடைவெளி, நாள் வரம்பு, ஐபி வரம்பு, +91 தவிர மற்ற நாடுகளுக்குத் தடை என்று நீங்கள்தான் போட வேண்டும்.

வெளியேறும்போது மீதி கிரெடிட்டைத் திருப்பித் தர மாட்டார்கள். ‘வேலிடிட்டி முடிந்தது’ என்பார்கள். அதனால் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருடத்துக்கு வாங்காமல், ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மாறுவதற்கு ஹெடரை மறுபடி வாங்கத் தேவையில்லை. புதிய வென்டரின் சங்கிலியை டிஎல்டியில் சேர்த்து, அவர் வழியாகச் சோதனை மெசேஜ்கள் நான்கு ஆபரேட்டர் போன்களிலும் வந்துவிட்டதா பார்த்து, அதன் பிறகே பழைய சங்கிலியை நீக்குங்கள். நீக்கிய கையோடு பழைய ஏபிஐ கீயையும் ரத்து செய்துவிடுங்கள்.