அப்பாவின் இ.சி.எச்.எஸ். அட்டையும் ஒரு பச்சைக் கோப்பும்

என் தந்தை 1994-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம், அதாவது நாம் எல்லோரும் இ.சி.எச்.எஸ். என்று சொல்வது, 2003 ஏப்ரலில் தொடங்கியது. 1996 ஜனவரிக்கு முன் ஓய்வு பெற்றோருக்குப் பங்களிப்புத் தொகையிலிருந்து விலக்கு இருந்ததால், ஓய்வூதியத்தோடு வந்துகொண்டிருந்த மருத்துவப்படியை மட்டும் விட்டுக்கொடுத்து அவரும் அம்மாவும் உறுப்பினரானார்கள். ஆனாலும் 2016-இல் அவருக்கு மாரடைப்பு வரும்வரை அந்த அட்டை பீரோவில்தான் கிடந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், பாலிகிளினிக்குக்கும் (திட்டத்தின் சொந்த மருத்துவமனை) வெளி மருத்துவமனைகளுக்கும் இடையே நடந்து பழகிய அனுபவத்தையே இங்கே பதிவு செய்கிறேன்.

திட்டத்தின் நடைமுறை எளிமையானது. முதலில் பாலிகிளினிக் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அங்கே இல்லாத சிகிச்சை தேவைப்பட்டால் அவர் ரெஃபரல் தருவார். அதைக் கொண்டு, திட்டத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள தனியார் மருத்துவமனைகளில் நாம் தேர்ந்தெடுத்த ஒன்றுக்குச் செல்லலாம். வார்டு பதவியைப் பொறுத்தது. ஹவில்தார் வரை பொது வார்டு, அதற்கு மேலே சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்குப் பகுதித் தனியறை, அதிகாரிகளுக்குத் தனியறை. உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகும் தோள்பட்டைப் பட்டை கூடவே வருகிறது என்று அப்பா சிரிப்பார். எனினும் ஸ்டென்ட் வைத்த அந்த முதல் சிகிச்சைக்கு எங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்பதையும், மருத்துவமனை தன் பில்லை இணையவழியில் நேரடியாகத் திட்டத்துக்கே அனுப்பிக்கொண்டது என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும்.

சிக்கல் பணத்தில் இல்லை, தகவலில் இருக்கிறது. ரெஃபரல் சீட்டில் நோயின் பெயரும் துறையின் பெயரும் இருக்கும்; நோயாளி என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சென்ற மாதம் எவ்வளவு இருந்தது என்பதோ எங்கள் சீட்டுகள் எதிலும் இருந்ததில்லை. மருத்துவமனை என்ன செய்தது என்பதும், டிஸ்சார்ஜ் சம்மரியை நாம் தூக்கிக்கொண்டு போனால் மட்டுமே பாலிகிளினிக் மேசையை அடைகிறது. இரண்டு இடத்திலும் நல்ல மருத்துவர்களையே பார்த்திருக்கிறோம், ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசி நான் பார்த்ததில்லை.

இதன் விலையை 2019-இல் உணர்ந்தோம். வெளி மருத்துவமனையில், இதயத்துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் உட்பட ஒரு வாரத்துக்கான மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தொடர்ந்து வாங்க வேண்டியது பாலிகிளினிக்கில். அங்கே அதே மெட்டோப்ரோலால் வேறொரு கம்பெனிப் பெயரில், வேறு நிற அட்டையில் கிடைத்தது. பழைய அட்டையில் மீதி இருந்ததையும் புதியதையும் இரு வேறு மருந்துகள் என்று எண்ணி அப்பா பத்து நாட்கள் இரண்டையும் விழுங்கியிருக்கிறார். நாடித்துடிப்பு 44-க்கு இறங்கி, குளியலறையில் தலைசுற்றி விழுந்த பிறகுதான் காரணம் தெரிந்தது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. மருந்து கொடுத்தவர்கள் சரியான மருந்தைத்தான் கொடுத்தார்கள்.

அன்று வாங்கியதுதான் பச்சைக் கோப்பு. அதன் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது: மருந்தின் மூலப்பெயர், இப்போது கையிலிருக்கும் கம்பெனிப் பெயர், அளவு, எழுதிக்கொடுத்த மருத்துவரின் துறை, தொடங்கிய தேதி. அதற்குப் பின்னால் எல்லா ரெஃபரல்களின் நகல்களும், சம்மரிகளும், பாலிகிளினிக்கில் கையிருப்பு இல்லை என்று எழுதித் தரப்பட்ட சீட்டுகளும் தேதி வரிசையில் இருக்கின்றன. புதிய மருத்துவர் எவரானாலும் முதலில் அந்த ஒரு பக்கத்தைத்தான் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். சிறுநீரகப் பிரிவில் ஒரு மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு வலிமாத்திரை ஒன்றை உடனே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். எலும்பு மருத்துவர் எழுதியது அது, சிறுநீரகம் பழுதானவருக்கு ஆகாது.

அவசரச் சிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. 2022-இல் ஓர் இரவு மூச்சுத்திணறல் வந்தபோது அருகிலிருந்த, ஒப்பந்தப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் சேர்த்தோம். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட்டதால் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆனால் திரும்பக் கிடைப்பது சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு சுகாதாரத் திட்டம்) கட்டண விகிதப்படிதான் என்பதால், கட்டியதற்கும் கிடைத்ததற்கும் இடையிலான தொகை எங்களுடையதாயிற்று. வேறொரு முறை ஒப்பந்த மருத்துவமனை ஒன்றிலேயே முன்பணம் கேட்டார்கள். திட்டத்தின்படி கேட்கக் கூடாது என்று சொல்லி, எழுத்தில் தருமாறு கேட்டதும் பேச்சு அடங்கியது. ஒப்பந்தங்கள் காலாவதியாவதும் புதுப்பிக்கப்படுவதும் உண்டு என்பதால், கிளம்பும் முன் அந்த மருத்துவமனையின் இ.சி.எச்.எஸ். கவுன்டருக்குத் தொலைபேசியில் பேசிவிடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டோம்.

அட்டவணை இப்போது ஏழாவது பக்கத்துக்கு வந்திருக்கிறது. எழுதுவது நான், ஒவ்வொரு வரியையும் மாத்திரை அட்டையோடு ஒப்பிட்டு, ஓரத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பம் போடுவது அப்பா.