கை நுழையாத எஞ்சின் அறை: ஆயில் ஃபில்டரைத் தள்ளி வைக்கும் கிட், எட்டு மாதங்களுக்குப் பிறகு

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டின் பின்கட்டை அடுத்து, ஐயா காலத்தில் மாட்டுவண்டி நின்ற ஓட்டுக் கொட்டகையில், மூன்று ஆண்டுகளாக ஒரு கிட் கார் நிற்கிறது. இரும்புக் குழாய்களை ஒட்டவைத்துச் செய்த சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடு, பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய 1300 சிசி பெட்ரோல் எஞ்சின், இரண்டு இருக்கைகள் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. கூரையும் கதவும்கூடக் கிடையாது. 1957-இல் வெளிவந்த லோட்டஸ் செவனின் அமைப்பைப் பின்பற்றியது. இங்கிலாந்தில் அந்தக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அக்காலத்தில் கொள்முதல் வரி கிடையாது என்பது அது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம். வரியைத் தப்பியவர்கள் அதற்கான தண்டத்தை வேறிடத்தில் கட்டினார்கள்: அந்த எஞ்சின் அறைக்குள் ஒரு கை நுழைந்தால் இன்னொரு கை நுழையாது.

என் காரில் இந்தத் தண்டம் முழுவதும் ஆயில் ஃபில்டரின் தலையில்தான் விழுந்தது. ஃபில்டர் எஞ்சினின் பக்கவாட்டில், எக்ஸாஸ்ட் குழாய்க்கு மேலே, படுத்த நிலையில் ஏறுகிறது. அதற்கு நேரெதிரே சேஸிஸின் சதுரக் குழாய் ஒன்று குறுக்கே ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே, சற்று மேலே, ஸ்டியரிங் தண்டு சாய்ந்து இறங்குகிறது. எஞ்சின் முகத்துக்கும் சேஸிஸ் குழாய்க்கும் இடையே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் 92 மில்லிமீட்டர். நான் முதலில் பயன்படுத்திய ஃபில்டரின் நீளம் 85 மில்லிமீட்டர். ஏழு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஃபில்டர் ஏறும் மரையாணி எஞ்சினிலிருந்து 15 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஃபில்டரைக் கழற்றலாம், ஆனால் எடுக்க முடியாது. கடைசி மரை விடுவதற்கு முன்பே அதன் அடிப்பாகம் சேஸிஸ் குழாயில் முட்டி நின்றுவிடும். முதல் முறை எஞ்சினைப் பூட்டும்போது, வெளியே வைத்தே ஃபில்டரை மாட்டி மொத்தமாக இறக்கியதால் இது என் கண்ணில் படவில்லை. முதல் ஆயில் மாற்றத்தின்போது எஞ்சின் மவுண்டைத் தளர்த்தி, ஸ்டியரிங் தண்டின் கப்ளிங்கைக் கழற்றி, ஜாக் வைத்து எஞ்சினைச் சாய்க்க வேண்டியதாயிற்று. அரை மணி நேர வேலை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது.

இதற்கு மலிவான மருந்து ஒன்று உண்டு. அதையும் செய்து பார்த்துவிட்டுத்தான் ஃபில்டரை வேறிடத்துக்குத் தள்ளி வைக்கும் இந்தக் கிட்டுக்கு வந்தேன் என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுவது நியாயம். அதே மரையும், எஞ்சினோடு ஒட்டி அடைக்கும் ரப்பர் வாஷரின் அதே விட்டமும் கொண்ட 65 மில்லிமீட்டர் குட்டை ஃபில்டர் கிடைக்கிறது. கணக்குப்படி அது தாராளமாக வெளியே வரும், வந்தது. ஆனால் படுத்த நிலையில் இருக்கும் ஃபில்டர், வாஷர் பிடி விட்ட கணமே ஆயிலைக் கக்கும்; அந்த ஆயில் நேராகக் கீழே உள்ள எக்ஸாஸ்ட் குழாயின் மேல்தான் விழும். எவ்வளவு துடைத்தாலும் அடுத்த முறை எஞ்சின் சூடேறும்போது பானெட்டின் பக்கத்துளை வழியே புகை வரும். ஃபைபர் பானெட்டின் கீழே எண்ணெய்ப் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பது மனத்துக்கு நல்லதல்ல. போதாக்குறைக்கு, காகித மடிப்பு குறைவாக உள்ள சிறிய ஃபில்டர் சீக்கிரம் அடைபடும். எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் ஃபில்டரைத் தாண்டி எவ்வளவு உள்ளே போகிறது என்பதைப் பழைய ஃபில்டர் ஒன்றை அறுத்து, காகிதத்தை விரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவருக்குக் குட்டை ஃபில்டரே போதும், இந்தக் கிட் தேவையில்லை. நான் கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு லாரியில் ஏற்றிச் சென்று ஓட்டுகிறவன் என்பதால் எனக்குப் போதவில்லை.

ஆக, கிட். இணையம் வழியாக வாங்கியது. 6,500 ரூபாய் ஆயிற்று. பெட்டிக்குள் இருந்தவை: எஞ்சினில் ஃபில்டர் இருந்த இடத்தில் ஏறும் அலுமினியத் தட்டு, வேறிடத்தில் பொருத்தி ஃபில்டரை மாட்டிக்கொள்ளும் தலை, ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு ஓஸ்கள், ஓஸ் முனைகளை இணைக்கும் நான்கு யூனியன்கள், கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள், ஒரு பக்கத் துண்டுச்சீட்டு. தட்டையும் தலையையும் குறை சொல்ல மாட்டேன். கடைசல் சுத்தம், ஓ-ரிங் உட்காரும் பள்ளம் ஒரே ஆழம், எங்கும் பிசிறு இல்லை. தட்டின் தடிமன் 30 மில்லிமீட்டர்தான் என்பதால் ஸ்டியரிங் தண்டைத் தொடாமலேயே கையால் திருகி ஏற்ற முடிந்தது. மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் ஒரு வேலை முதல் தடவையிலேயே முடிந்தது அன்றைக்குத்தான்.

குறை தொடங்குவது அந்தத் துண்டுச்சீட்டில். தட்டில் மரை எம்20, அதாவது 20 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி); அது என் எஞ்சினின் மரை, சரியாகவே அனுப்பியிருந்தார்கள். ஃபில்டர் ஏறும் தலையில் இருந்த மரையோ 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. இரண்டும் வேறு வேறு என்று சீட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், 16 மரை என்பது ஏறத்தாழ 1.59 பிட்ச். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். என் கையிருப்பில் இருந்த எம்20 ஃபில்டரைத் தலையில் வைத்துத் திருகினேன். தடையில்லாமல் ஏறியது, அதுவே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. காரைக்குடியிலிருந்து உதவிக்கு வந்திருந்த மேஸ்திரி, ஃபில்டரின் அடியைப் பிடித்து மேலும் கீழும் ஒரு தடவை அசைத்துப் பார்த்தார்.

“தம்பி, ஏறுறது பெருசில்ல. ஆடுது பாருங்க. மரை கவ்வவே இல்ல, சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது.”

அவர் சொன்னது உண்மை. பெரிய துளை கொண்ட ஃபில்டர் சிறிய ஆணியில் தொளதொளவென்று ஏறும். வாஷர் இறுகியதும் பிடித்துக்கொண்டதுபோலக் காட்டும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் அழுத்தம் எகிறும்போது மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு. போனால் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் உள்ள ஆயில் முழுதும் வெளியேறச் சில நொடிகள் போதும். எம்20 மரை கொண்ட தலையும் விற்கப்படுகிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் தலையை மாற்றாமல், 3/4 அங்குல மரையுள்ள ஃபில்டரை வாங்கிவிட்டு, பழைய ஃபில்டர்கள் இரண்டையும் தவறிப்போய்க்கூட எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று கொட்டகையிலிருந்தே அகற்றிவிட்டேன். மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று கருவிப் பெட்டியில் இருப்பது நல்லது. மேஸ்திரியின் கை எல்லோர் வீட்டுக்கும் வராது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. தலையில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்பதற்கு அம்புக்குறிகள் வார்க்கப்பட்டிருந்தன. எஞ்சின் பக்கத் தட்டில் எதுவும் இல்லை. ஃபில்டருக்குள் ஆயில் ஓரத்தில் உள்ள சிறு துளைகளின் வழியே நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடு மரைத்துளை வழியே வெளியேறுகிறது. ஓஸ்கள் இடம் மாறிவிட்டால் ஆயில் நடுவே புகுந்து ஓரத் துளைகளின் வழியே வெளிவரப் பார்க்கும்; எஞ்சின் நிற்கும்போது ஆயில் பின்னோக்கி வடியாமல் தடுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அந்தத் துளைகளை அடைத்துக்கொள்ளும். அடைப்பு நேர்ந்தால் திறந்துகொள்ள வேண்டிய பைபாஸ் வால்வும் ஒரு திசைக்கு மட்டுமே ஆனது என்பதால் உதவாது. பம்பு தள்ளும் ஆயில் பேரிங்குகளுக்குப் போகாமல் அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு வழியே சம்ப்புக்கே திரும்பும். இவ்வளவு பெரிய விபரீதத்தை இரண்டு எழுத்து பொறித்துத் தடுத்திருக்கலாம். நான் தட்டைக் குப்புற வைத்து, ஒரு வாயில் காப்பி டம்ளரால் ஆயிலை ஊற்றி, அது நடுவே வருகிறதா ஓரத்தில் வருகிறதா என்று பார்த்து, ஓரத்தோடு சேர்ந்த வாயில் சிவப்புச் சாயத்தால் புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளியிலிருந்து தலையின் ‘உள்ளே’ வாய்க்கு ஒரு ஓஸ், மற்றதற்கு மற்றொன்று. டம்ளர் அடுப்படிக்குத் திரும்பவில்லை. அதற்கான ஏச்சை அப்பத்தாவிடம் தனியாக வாங்கிக்கொண்டேன்.

ஓஸ்களை நான் பொருத்தவே இல்லை. வெளியே நைலான் பின்னல், உள்ளே ரப்பர், எவ்வளவு அழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கும் என்ற அளவு எங்கும் அச்சிடப்படவில்லை. ஓஸின் உள் விட்டம் 12 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தும், யூனியனின் துளையில் 9 மில்லிமீட்டர் டிரில்லின் தண்டுதான் நுழைந்தது. குறுகலான வாய்க்கு அகலமான குழாயால் என்ன பயன்? தேவகோட்டைச் சாலையில் பொக்லைன்களுக்கும் டிராக்டர்களுக்கும் ஹைட்ராலிக் ஓஸ் அமுக்கித் தரும் கடையில், அரை அங்குல உள் விட்டமுள்ள, அழுத்த அளவு அச்சிட்ட ஓஸில் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு செய்து வாங்கினேன். அங்கே ஒரு எச்சரிக்கை தேவை: குழாய் மரைகளில் பிரிட்டிஷ் முறையான அரை அங்குல பிஎஸ்பி, அமெரிக்க முறையான அரை அங்குல என்பிடி இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரைதான்; முன்னதன் மரைக் கோணம் 55 பாகை, பின்னதற்கு 60. ஒன்றை மற்றதில் திருகினால் சில சுற்று ஏறும், பிறகு கசியும், இறுக்கினால் அலுமினியம் கீறும். தட்டையே கடைக்கு எடுத்துச் சென்று அதில் திருகிப் பார்த்து வாங்கியதால் எனக்கு இந்தத் தொல்லை நேரவில்லை. இரண்டு ஓஸ்களுக்கும் யூனியன்களுக்கும் சேர்த்துக் கூடுதலாக 2,200 ரூபாய்.

தலையை எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப் பக்கத்தில், கால் வைக்கும் அறையின் முன்சுவரில், 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த பிடியில், ஃபில்டரின் வாய் மேல்நோக்கித் தொங்கும்படி பொருத்தினேன். இந்தக் கிட்டால் கிடைத்த உண்மையான சுகம் இதுதான். தொங்கும் ஃபில்டரைக் கழற்றும்போது ஆயில் அதற்குள்ளேயே நிற்கிறது. புதியதை நிரப்பியே மாட்டலாம். வாஷரில் விரலால் ஆயில் தடவி, அது தொட்டபின் முக்கால் சுற்று, அவ்வளவுதான். பழைய வாஷர் தலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதைக் குனியாமல், விளக்கு இல்லாமல் பார்க்க முடிகிறது. ஓஸ்கள் சேஸிஸைத் தொடும் இரண்டு இடங்களில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றினேன்; எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பம் தாங்கும் உறை போட்டேன்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பத்துப் பத்து நொடிகளாகச் சுழற்றினேன். மூன்றாம் தடவையில் ஆயில் விளக்கு அணைந்தது. ஓஸ்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 150 மில்லி ஆயிலை வாங்கிக்கொள்கின்றன. டிப்ஸ்டிக்கைப் பார்த்து அந்த அளவைச் சேர்க்க வேண்டும். இரவு முழுதும் நின்ற பிறகு விளக்கு அணைய முன்பைவிட ஒன்றிரண்டு நொடி கூடுதலாகிறது. அதுவரை ஆக்ஸிலரேட்டரைத் தொடுவதில்லை. சூடான எஞ்சினில் அளவி காட்டும் அழுத்தத்தில் நான் கவனிக்கும் அளவுக்கு மாற்றம் இல்லை.

ஐந்து நட்சத்திரத்தில் தட்டுக்கும் தலைக்கும் நான்கரை, ஓஸ்களுக்கு ஒன்று, துண்டுச்சீட்டுக்கு ஒன்றுமில்லை. தட்டையும் தலையையும் மட்டும் தனியாக விற்பார்களா என்று விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டேன். முழுக் கிட்டாக மட்டுமே தருவதாகப் பதில் வந்தது. தட்டில் குறியீடு இல்லாததைப் பற்றி எழுதியதற்குப் பதில் வரவில்லை. எட்டு மாதங்களில் இரண்டு முறை ஆயில் மாற்றியாயிற்று. இரண்டாம் முறை கொட்டகைத் தரையில் விழுந்தது நான்கைந்து சொட்டு. முன்பு பழைய ஆயிலை வடித்த தட்டோடு வளவின் வழியே கொண்டுபோகும்போது ஆத்தங்குடிக் கல்லில் சிந்திய கறை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் மின்னுகிற அந்தத் தரை, எஞ்சின் ஆயிலை விடுவதாக இல்லை.