சிபாரிசா, மென்பொருளா, தொலைபேசியா: ஆளெடுப்பில் எதை எங்கே நம்பலாம்?

கோவையில் பம்ப், வால்வு, ஃபவுண்டரி (உலோக வார்ப்பாலை) நிறுவனங்களுக்கு ஆளெடுத்துக் கொடுக்கும் தொழிலில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். நான் வந்த புதிதில் வேலை தேடுபவர்கள் பயோடேட்டாவை உறையில் போட்டு வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்று காலையில் இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டால், மாலைக்குள் 400 விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. எந்த வழி நல்ல ஆளைக் கொண்டுவருகிறது என்று முதலாளிகள் கேட்கிறார்கள். மூன்று வழிகளிலும் ஆளெடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் மென்பொருள். வேலை தேடும் இணையதளமான நௌக்ரி 1997-இல் தொடங்கியது. தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன் 2003-இல் வந்தது. இவை செய்த பெரிய நன்மை வாசலை அகலப்படுத்தியதுதான். பெரம்பலூர்ப் பட்டதாரியின் விண்ணப்பமும் பீளமேட்டுப் பட்டதாரியின் விண்ணப்பமும் இன்று ஒரே வரிசையில் நிற்கின்றன. நேர்முகத் தேர்வுக்கு நாள் குறிப்பது, நினைவூட்டுவது, யாருடைய தாளும் தொலையாமல் காப்பது எல்லாவற்றையும் இயந்திரம் என்னைவிட நன்றாகச் செய்கிறது. உறைகளின் காலத்துக்குத் திரும்ப எனக்கு விருப்பமே இல்லை.

ஆனால் அதே மென்பொருளிடம் வடிகட்டும் வேலையை ஒப்படைக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. ஒரு ஃபவுண்டரிக்குத் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் தேவைப்பட்டது. மென்பொருள் 32 பேரைத் தேர்ந்து கொடுத்தது. அது ஒதுக்கியவற்றிலிருந்து 20 விண்ணப்பங்களை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். அதில் ஒரு பெண்ணின் விண்ணப்பம் இரண்டு பத்திகளாக அமைந்திருந்தது: இடப்பக்கம் பயிற்சிகள், வலப்பக்கம் வேலை விவரம். மென்பொருள் இரண்டையும் குறுக்கே சேர்த்துப் படித்துவிட்டது. ஆண்டுகளும் நிறுவனப் பெயர்களும் கலந்துபோய், அனுபவம் பூஜ்யம் என்று பதிவாகியிருந்தது. உண்மையில் அவருக்கு ஆறு ஆண்டு அனுபவம். தொலைபேசியில் அழைத்து, வார்ப்பில் ஓட்டை தெரிந்தால் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். "உள்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் வாயு, மேடம். கரடுமுரடாக இருந்தால் உலோகம் சுருங்கியதால் வந்தது. முதலாவதற்கு மணலின் ஈரத்தைப் பார்ப்பேன், இரண்டாவதற்கு, சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகத்தை ஊட்டும் ரைசரைப் பார்ப்பேன்" என்றார். ஒரு நிமிடத்துக்குள் வந்த பதில். தேர்வான 32 பேரில் பாதிப் பேரால் இதைச் சொல்ல முடியவில்லை.

இது பத்தி அமைப்பால் வந்த கோளாறு. கண்ணில் பட்டால் சரிசெய்துவிடலாம். கண்ணில் படாத கோளாறுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. அமேசான் 2014 முதல் உருவாக்கிய ஒரு தேர்வுக் கருவி, அதற்கு முந்தைய பத்தாண்டு விண்ணப்பங்களைப் படித்துப் பழகியது. அந்த விண்ணப்பங்களில் ஆண்களே மிகுதி. அதனால் 'பெண்கள்' என்ற சொல் வந்த விண்ணப்பங்களின் மதிப்பெண்ணை அது குறைத்தது. நிறுவனம் அதைக் கைவிட்ட செய்தி 2018-இல் வெளியானது. நேற்று யாரை எடுத்தோமோ அவர்களைப் போன்றவர்களையே நாளைக்கும் எடுக்கச் சொல்லும் கருவி அது. நியூயார்க் நகரில் 2023 ஜூலை முதல், இத்தகைய கருவிகளை ஆண்டுதோறும் வெளியார் தணிக்கைக்கு உட்படுத்த வேண்டும், விண்ணப்பிப்பவரிடமும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரிலும் அது வேண்டும்.

அப்படியானால் சிபாரிசே மேல் என்பார்கள் என் வாடிக்கையாளர்களில் மூத்தவர்கள். அதில் உண்மை இருக்கிறது. ஒரு ஃபிட்டர் தன் நண்பனைக் கூட்டிவரும்போது தன் பெயரையும் சேர்த்து அடகு வைக்கிறார். புதிதாகச் சேர்ந்தவருக்கும் கேன்டீனில் உடன் உட்கார ஒருவர் கிடைக்கிறார். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை இன்னொன்றையும் காட்டியது: தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். எப்போதாவது பார்க்கும் பழைய சக ஊழியர்தான் பெரும்பாலும் வேலைச் செய்தியைக் கொண்டுவந்திருக்கிறார்.

நம் ஊர்ச் சிபாரிசு அவ்வளவு தூரம் போவதில்லை. ஒரே ஊர், ஒரே கல்லூரி, சொல்லாமலே புரிந்துகொள்ளும் ஒரே சாதி என்று சுருங்கிவிடுகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு குடும்பப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு குறைவாகவே வந்தது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். நேர்முக அறையில் "சொந்த ஊர் எது? அதில் எந்தப் பக்கம்?" என்ற இரண்டு கேள்விகள் அந்தக் குறையைத் தீர்த்துவிடுகின்றன. நான் உட்காரும் அறைகளில் அந்தக் கேள்விகளை இப்போது அனுமதிப்பதில்லை. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவருக்குச் சிபாரிசு செய்ய யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, தொலைபேசி. இதன் மதிப்பு ஆளைத் தேர்ந்த பிறகுதான் தெரியும். ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டிய நோட்டீஸ் காலம் பல நிறுவனங்களில் 90 நாட்கள். அந்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்துவிடும். சேர வேண்டிய நாளில் அவருடைய தொலைபேசி அணைந்திருக்கும். தானியங்கிக் குறுஞ்செய்தி எத்தனை அனுப்பினாலும் இதைத் தடுக்க முடிந்ததில்லை. நான் மூன்று முறை அழைக்கிறேன்: ராஜினாமா கொடுத்த வாரம், பாதியில் ஒருமுறை, சேர்வதற்கு முந்தைய வாரம். ஓசூரிலிருந்து வரவேண்டிய ஒருவர் இரண்டாவது அழைப்பில் தயங்கினார். சம்பளம் காரணம் என்று நினைத்தேன். மகள் ஐந்தாம் வகுப்பில் பாதியில் இருக்கிறாள் என்பதுதான் காரணம். விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத இடமில்லை. நிறுவனம் ஜூன் வரை காத்திருக்கச் சம்மதித்தது. அவர் வந்து சேர்ந்தார்.

தொலைபேசிக்கு நேரம் செலவாகும். ஒரே சமயத்தில் 25 பேருக்கு மேல் என்னால் இப்படிக் கவனிக்க முடியாது. ஆகவே என் ஏற்பாடு இதுதான்: விண்ணப்பம் வாங்குவதும் வரிசைப்படுத்துவதும் மென்பொருளுக்கு, 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் அதற்குக் கிடையாது. சிபாரிசில் வருபவரும் அதே வரிசையில் நிற்பார், சொன்னவருக்கும் அவருக்கும் என்ன உறவு என்பது எழுதப்பட்டிருக்கும். நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் முடிவைக் குரலில் சொல்வது என் பொறுப்பு. நூறு பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்துக்கு வடிகட்டும் மென்பொருளே தேவையில்லை. ஒரு எக்செல் தாளும், பொறுமையாகப் படிக்கும் ஒருவரின் இரண்டு மணி நேரமும் போதும்.

அந்த ஃபவுண்டரி வேலை அந்தப் பெண்ணுக்கே கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு வந்து வேலை கிடைக்காத மூவரையும் அழைத்துச் சொன்னேன். ஒருவர் மட்டும் எதில் குறை என்று கேட்டார். வார்ப்பின் எக்ஸ்ரே படத்தைப் படிக்கும் பயிற்சி இல்லை என்றேன். "ஒரு நிமிடம் மேடம், எழுதிக்கொள்கிறேன்" என்று பேனா தேடினார்.