மண்டப வகுப்பா, காட்டோரப் பயிற்சியா?

காட்டைக் காத்து, மரங்கள் சேர்த்து வைத்த கரி (கார்பன்) காற்றில் கலக்காமல் தடுக்கும் 'ரெட் பிளஸ்' முயற்சிகளில் உள்ளூர் மக்கள் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்று 2010இல் கான்கூன் ஐ.நா. மாநாடு வலியுறுத்தியது. சரி, இலங்கை மலையகத்தின் நம் தேயிலைத் தோட்ட மக்களை அதற்கு எப்படித் தயார்படுத்துவது?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு வைப்பது ஒரு வழி. நிறையப் பேருக்கு ஒரே தடவையில் விஷயத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் வேலை நாளில் வைத்தால் கொழுந்தெடுக்கும் அக்காமாருக்கு அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், விழாது. பிறகு யார் வருவார்கள்?

மற்றது, லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள காட்டோரத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். மரம் எவ்வளவு கரி சேர்த்திருக்கிறது என்று மதிப்பிட அதன் விட்டம் தெரிய வேண்டும்; அதற்கு அளவு நாடா ஒன்று போதும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சரிவில் நிற்கும் மரமென்றால் அந்த உயரத்தை மேட்டுப் பக்கத்திலிருந்து கணக்கிட வேண்டும். மண்டபத்தின் சமதரையில் இதை எத்தனை முறை சொன்னாலும் மனதில் பதியாது. அதோடு, எந்த ஓடை முதலில் வற்றும், வெயில் காலத்தில் மானாப்புல்லில் பிடிக்கும் தீ எந்தப் பக்கமாக ஏறும் என்பதெல்லாம் விறகுக்குப் போகிற பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். அங்கே சொல்லிக்கொடுக்க வந்தவரும் கற்றுக்கொள்வார்.

என் மனம் காட்டோரப் பக்கம்தான். நில உரிமை, பலன் பங்கீடு போன்றவற்றுக்கு மட்டும் உட்கார்ந்து பேச இடம் வேண்டும். அதையும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிலேயே (குழந்தைகள் காப்பகத்திலேயே), தமிழிலேயே வைக்கலாம்.