கேமரா எச்சரிக்கை: மெயிலா, ஆப்பா?

மன்னார்குடிப் பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது: வீட்டுக் கண்காணிப்பு கேமரா அசைவைக் கண்டால் அனுப்பும் எச்சரிக்கையை மெயிலில் வாங்குவதா, கேமராவின் மொபைல் ஆப்பில் வாங்குவதா?

செலவு: இரண்டுக்குமே பெரும்பாலும் தனியாகக் காசு இல்லை.

வேகம்: ஆப் முந்தும். மெயில் சற்றுத் தாமதிக்கலாம்.

அமைப்பது: ஆப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் சரி. மெயிலுக்குப் பொறுமை வேண்டும். ஜிமெயில் என்றால், கேமராவின் மெயில் அமைப்பில் போர்ட் (மெயில் போகும் வழியின் எண்) 587 அல்லது 465. வழக்கமான பாஸ்வேர்டு எடுபடாது. கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்டு' (கேமராவுக்கென்று கூகுள் தரும் தனி பாஸ்வேர்டு) உருவாக்கிப் போடுங்கள். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆதாரம்: மெயிலோடு படமும் வந்தால், கேமராவையே பிடுங்கிப் போனாலும் அது இன்பாக்ஸில் இருக்கும். ஆப் அறிவிப்பு கைபட்டாலே மறைந்துவிடும்.

வீண் எச்சரிக்கை இரண்டிலும் உண்டு. எங்கள் கொல்லையில் வாழை இலை ஆடியதற்கே ஐப்பசி மழை ராத்திரியில் மெயிலாக வந்து குவிந்தது. அப்புறம் கண்காணிப்புப் பகுதியை வாசல் கேட் அளவுக்குச் சுருக்கினேன், உணர்திறனையும் குறைத்தேன், அடங்கியது.

கூப்பிட்டால் ஓடிவர பக்கத்து வீட்டில் ஆள் உண்டா? ஆப் போதும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு காலையில்தான் பார்ப்பீர்கள் என்றால் மெயிலைக் கட்டாயம் வையுங்கள்.